பிரிண்டருக்கு அந்தப் பக்கம்

வெலிச்காவின் குரலைக் கேட்டால் விறைத்துப்போனவனுக்கும் கொஞ்சம் சூடு ஏறும் என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொல்வார்கள். நகர வெப்ப நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக முதல் தொலைபேசியை எடுப்பவள் அவள்தான். ஆலையில் காய்ச்சிய வெந்நீர் குழாய் வழியாக வந்து ஊரிலுள்ள அடுக்குமாடி வீடுகளின் ரேடியேட்டர்களை எல்லாம் சூடாக்க வேண்டும். வந்தால் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். வராவிட்டால் ஊரே வெலிச்காவைத்தான் பிடித்து உலுக்கும்.

"என் ரேடியேட்டர் பிணம் மாதிரி ஜில்லுனு கிடக்கு. நீ அங்க சூடா உக்காந்து காபி குடிக்கிறியா? உங்களையெல்லாம் தூக்கி டான்யூப் ஆத்துல போடணும்!"

"உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க. முகவரி சொல்லுங்க, உடனே ஆளை அனுப்புறோம்."

இதைச் சொல்லும்போது வெலிச்கா தன் மேஜை மேலிருக்கும் சின்ன வட்டக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பாள். சில வருஷங்களுக்கு முன் தலைநகர் சோஃபியாவிலிருந்து ஒரு பயிற்சிக்காரி வந்து ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்துவிட்டுப் போனாள். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினால் சிரிப்பு குரலில் இறங்கிவிடுமாம். கோபம் வந்தால் மூச்சை இழுத்துவிட வேண்டுமாம். மற்றவர்கள் அந்தக் கண்ணாடியை உதட்டுச்சாயம் பூசிக்கொள்ளவும் பல் குத்தவும் வைத்துக்கொண்டார்கள். வெலிச்கா மட்டும் சொன்னதை அப்படியே செய்தாள். வாடிக்கையாளர் மீது கோபத்தைக் காட்டக் கூடாது என்று அந்தப் பயிற்சிக்காரி நாள் முழுக்கப் பேசினாள். அப்படியானால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று மட்டும் சொல்லவில்லை.

வெலிச்காவுக்கு எதிரே, மேஜையோடு மேஜை ஒட்டி, நெவேனா உட்கார்ந்திருப்பாள். அவளும் வந்து பத்தொன்பது வருஷம். வெலிச்கா புகாரைக் கேட்டுக் கணினியில் போடுவாள். நெவேனா அதைப் பார்த்து வயர்லெஸ்ஸில் பழுது பார்க்கும் ஆட்களை அனுப்புவாள். பார்க்க எளிமையான வேலைதான். ஆனால் எங்கள் ஊர் எளிமையான ஊர் இல்லை. ஆட்சி மாறியபோது தெருப் பெயர்களை மாற்றினார்கள், கட்டடங்களுக்குப் புது எண் போட்டார்கள். கணினிக்குப் புது எண்தான் தெரியும். ஜனங்களோ செத்தாலும் பழைய எண்ணை விட மாட்டார்கள். அதனால் கணினிக்குப் புரியாததை எல்லாம் வெலிச்கா மேஜைக்கு மேலே கத்துவாள்.

"நெவே! பதினாலுன்னா பழைய பதினாலு! ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கே, அது!"

"தெரியும்டி, கத்தாதே. பழைய பதினாலு, ஸ்கூலுக்குப் பின்னாடி," என்று நெவேனா வயர்லெஸ்ஸில் சொல்வாள். இந்தக் கத்தலில்தான் இத்தனை குளிர்காலமும் ஊர் சூடாக இருந்தது.

இப்போது மூன்று வாரமாகக் கத்தல் இல்லை. இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. இரண்டு தட்டு வைத்த பழைய மாடல், பன்றிக்குட்டி கனம் கனக்கும். மூலையில் கிடந்ததை நெவேனா தன் கையாலேயே இழுத்து வந்து நடுவில் வைத்துவிட்டாள். பிரிண்டருக்கு மேலே தெரிவது கத்திரிக்காய் நிறத்தில் சாயம் போட்ட அவளுடைய கொண்டை மட்டும்தான்.

நடந்தது இதுதான். ஜனவரிக் கடைசியில் குளிர் எலும்பைக் கடித்த ஒரு நாள், ஒருவன் கால் மணி நேரம் வெலிச்காவைத் திட்டினான். அவளைத் திட்டினான், அவள் அம்மாவைத் திட்டினான், இனிமேல் பிறக்கப் போகிறவர்களையும் விட்டுவைக்கவில்லை. வெலிச்கா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி, "புரியுதுங்க, புரியுதுங்க" என்றாள். போனை வைத்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து எதிரே நெவேனா தன் கைப்பேசியைப் பக்கத்து மேஜை போகோமிலிடம் காட்டி வாய்விட்டுச் சிரித்தாள்.

"சிரிப்பு வருதா உனக்கு?" என்றாள் வெலிச்கா. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உன் பொண்ணு கிறிஸ்துமஸுக்குக்கூட ஏன் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலைன்னு இப்பத்தான் புரியுது. இந்தச் சிரிப்பைச் சகிக்க முடியாமத்தான் ஜெர்மனிக்கு ஓடியிருக்கா."

நெவேனா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டாள். புருஷன் போன பிறகு அந்த ஒரே பெண்ணை அவள் எப்படி வளர்த்தாள் என்பது யாரைவிடவும் வெலிச்காவுக்குத்தான் தெரியும். எந்த இடத்தில் குத்தினால் வலிக்கும் என்று தெரிந்தவர்கள் நமக்கு நெருங்கினவர்கள்தானே. வெலிச்காவும் அதே இடத்தில் குறி பார்த்துக் குத்தியிருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மறுநாள் விடியலில் எழுந்து, நெவேனாவுக்குப் பிடிக்கும் என்று பாலாடைக்கட்டி நிறைய வைத்து பனீட்சா அப்பம் சுட்டு, துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். எல்லாரும் வருவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று பஸ்ஸில் வார்த்தைகூடக் கோத்து வைத்திருந்தாள். வந்து பார்த்தால் நடுவில் பிரிண்டர்! அவ்வளவுதான், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பனீட்சா முழுவதையும் தூக்கிப் போகோமிலிடம் கொடுத்தாள். அவன் பாவம், ஒன்றும் புரியாமல் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தான்.

அன்று முதல் வெலிச்கா தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். நான் கேட்கத்தான் வந்தேன், அவள்தான் சுவர் எழுப்பினாள். எத்தனை தடவை சொன்னாலும் அது பாதி நியாயமாகவே இருந்தது.

பேச வேண்டியது எல்லாம் போகோமில் வழியாக நடந்தது. "போகோமில், அது புது எட்டுன்னு அங்க சொல்லு." "போகோமில், தெரியும்னு அங்க சொல்லு." நாற்பத்தைந்து வயது ஆள், மீசைக்காரன், இரண்டு பெண்பிள்ளைகளுக்கு நடுவே பந்து பொறுக்கிப் போடுகிறவன் மாதிரி ஆகிவிட்டான்.

ஒரு நாள் மாலை போகோமில் சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தான். பதினாலில் சூடு இல்லை என்று ஒரு அழைப்பு வந்தது. பழைய பதினாலு. வெலிச்கா கணினியில் பதினாலு என்று போட்டாள். கத்துவதற்கு வாயைத் திறந்தாள். எதிரே பிரிண்டர். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கே தெரியும், சந்தேகம் இருந்தால் கேட்கட்டுமே என்று நினைத்தாள். நெவேனாவும் கேட்கவில்லை. ஆட்கள் புதுப் பதினாலுக்குப் போய், சூடு தாங்காமல் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜனங்களிடம் சூடு இல்லையா என்று விசாரித்துத் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பழைய பதினாலில் பிள்ளைகள் கோட்டோடும் குல்லாயோடும் தூங்கின. கீழ்த்தளத்துக் கிழவர் ஒருவரை மாடிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் அடுப்புப் பக்கத்தில் படுக்க வைத்தார்களாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனது அதிர்ஷ்டம்.

மறுநாள் பிரிவுத் தலைவன் அசென் அவளை உள்ளே கூப்பிட்டான். முப்பத்து மூன்று வயது, படித்தவன், நல்ல பையன். இந்த இரண்டு பெண்களையும் பார்த்தால் அவனுக்கு உள்ளூர நடுக்கம்.

"உக்காருங்க வெலிச்கா அக்கா. காபி?"

"விஷயத்தைச் சொல்லு."

"நான் பாஸ் அக்கா."

"சரி, விஷயத்தைச் சொல்லுங்க பாஸ்."

அசென் பேனாவை உருட்டினான். "டைரக்டர் என் கழுத்துல கத்தி வெச்சுட்டார். திங்கக்கிழமை காலைல நீங்க ரெண்டு பேரும் பழையபடி பேசணும். இல்லேன்னா உங்களை ஆலை ஆபீசுக்கு மாத்தியாகணும்."

"என்னையா? பிரிண்டரை இழுத்துப் போட்டது அவ!"

"ஆரம்பிச்சது யாருன்னு இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும் அக்கா," என்றான். சத்தம் போடாமல்தான் சொன்னான், ஆனாலும் சுருக்கென்றது.

ஆலை அலுவலகம் ரயில்பாதைக்கு அப்பால், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். சுவரில் ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் ஒற்றை நாற்காலி. நேரில் வந்து கத்துகிறவர்களை ஒற்றை ஆளாக வாங்கிக்கொள்ள வேண்டிய இடம். பஸ்ஸைப் பற்றியோ கத்தலைப் பற்றியோ வெலிச்கா கவலைப்படவில்லை. அங்கே எதிர் நாற்காலியே கிடையாது. மிச்சமிருக்கும் வருஷங்கள் முழுக்க சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அந்த வாரத்து ஞாயிறு மன்னிப்பு ஞாயிறு. ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்புக்கு முந்தைய ஞாயிறு. வயதில் சின்னவர்கள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு, மன்னித்துவிடு என்பார்கள். பெரியவர்கள், மன்னிச்சாச்சு, ஆண்டவனும் மன்னிக்கட்டும் என்பார்கள். கேட்டவரைப் பதில் சொல்லாமல் அனுப்புவது என்ற பேச்சே கிடையாது. ஞாயிறு வீட்டில் நடப்பதை வெள்ளியே அலுவலகத்தில் நடத்திவிடுவது வழக்கம்.

வெள்ளி மத்தியானம் போகோமில் ஸ்டூல் போட்டு ஏறி, விளக்கு மாட்டும் கொக்கியில் சிவப்பு நூல் கட்டி, நுனியில் அக்ரோட்டுப் பருப்பு வைத்த வெள்ளை அல்வாத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டான். நூலைச் சுழற்றிவிட்டால் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கவ்வ வேண்டும். அசென் மூன்று முறை பாய்ந்து, மூன்று முறையும் அல்வா மூக்கில் இடித்து, முகமெல்லாம் மாவு பூசியதுபோல நின்றான். "பாஸ், வாயைத் திறக்கணும். மீட்டிங்ல திறக்கிற மாதிரி!" என்றான் போகோமில். கடைசியில் அவனே கவ்வினான், மீசையில் பாதி ஒட்டிக்கொண்டது. வெலிச்காவும் சிரித்தாள். சிரித்ததும் பழக்கதோஷத்தில் பிரிண்டர் பக்கம் திரும்பினாள். கொண்டை அசையவில்லை.

பிறகு மன்னிப்புக் கேட்கும் சுற்று தொடங்கியது. இந்த ஒரு நாள் பதவிக்கு மரியாதை கிடையாது, வயதுக்குத்தான். அசென் முதலில் வந்து எல்லாரிடமும் கேட்டான். "பதவி வந்த புதுசுல உங்க நாற்காலியை மாத்தினேனே, அதுக்கு மன்னிச்சிடுங்க." "மன்னிச்சாச்சு, ஆண்டவனும் மன்னிக்கட்டும். நாற்காலி எப்ப திரும்பி வரும்?" போகோமில் இரண்டு அக்காமாரின் கையையும் முத்தமிட்டான். அதன்பின் இரண்டு பேர்தான் பாக்கி. அறை முழுவதும் வெலிச்காவைப் பார்த்தது.

ஏன் அவளைப் பார்த்தது என்றால், அலுவலகக் கணக்கில் நெவேனாவுக்கு ஐம்பத்து மூன்று, வெலிச்காவுக்கு ஐம்பத்திரண்டு. சின்னவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் யாரோ வயது கேட்டபோது வாய் தவறி இரண்டு வருஷத்தைக் குறைத்துச் சொன்னாள். சொன்னதற்காக அதைப் பத்தொன்பது வருஷமும் கட்டிக் காப்பாற்றினாள். ஐம்பதாவது பிறந்த நாளைக்கூட ஐம்பத்திரண்டில்தான் கொண்டாடினாள். உண்மை தெரிந்த ஒரே ஆள் நெவேனா. தெரிந்தும் அந்த விருந்தில் முதல் ஆளாக எழுந்து, இளமைக்கு என்று கோப்பை தூக்கினவள்.

வெலிச்கா நின்றாள். கேட்க வேண்டியது தான்தான் என்று அவளுக்குத் தெரியாமலா? வழக்கம் சொல்வதற்காக இல்லை, சொன்ன சொல்லுக்காக. ஆனால் இத்தனை கண்கள் முதுகில் குத்தும்போது மனசு எலிப் பொந்து தேடுகிறது. தேடியதும் ஒரு பொந்து கிடைத்துவிட்டது.

"நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள். "நான்தான் பெரியவ."

"அக்கா, உங்களுக்கு ஐம்பத்திரண்டுதானே?" என்றான் அசென்.

"ஐம்பத்து நாலு!"

போகோமில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அப்ப அந்த ஐம்பதாவது பிறந்த நாள்? நான் மேஜை மேல ஏறி ஆடினேனே, அது என்ன கணக்கு?"

"அது லேட்டா வந்த ஐம்பது. நம்ம வெந்நீர் மாதிரின்னு வெச்சுக்கோ."

எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்க வயதைக் குறைத்த ஒரு பெண் கூட்டத்தில் நின்று வயதைக் கூட்டிச் சொல்வதை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. வெலிச்காவுக்குக் காது மடல் எரிந்தது. ஆனாலும் ஜெயித்துவிட்டாள். இப்போது நெவேனாதான் எழுந்து வர வேண்டும்.

நெவேனா எழுந்து வந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பிரிண்டரைச் சுற்றி வந்து, வெலிச்காவின் கையை எடுத்து, முறைப்படி குனிந்தாள்.

"மன்னிச்சிடு, வெலிச்கா. நடுவுல பிரிண்டரை வெச்சதுக்கு. உன்கூடப் பேசாம இருந்ததுக்கு. பழைய பதினாலான்னு கேக்காம விட்டதுக்கு."

அவள் குனிந்தபோது வெலிச்கா அவளுடைய உச்சியைப் பார்த்தாள். வகிட்டில் விரல் அகலத்துக்கு வெள்ளை ஓடியிருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நெவேனாவின் சமையலறையில், கழுத்தில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி சாயம் போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். இந்த மாதம் போடவில்லை. வேறு யாரிடமும் போய்ப் போட்டுக்கொள்ளவும் இல்லை. அந்த வெள்ளை வகிட்டைப் பார்த்ததும் வெலிச்காவுக்கு உள்ளே என்னவோ உடைந்தது. தப்பு செய்தவள் நிமிர்ந்து நிற்க, அடி வாங்கினவள் குனிந்து நிற்கிறாள். இதற்காகவா பத்தொன்பது வருஷ ரகசியத்தை உடைத்தேன் என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நிறுத்துடி! நீ எதுக்குக் கேக்குற? நான்தான்டி கேக்கணும். உன் பொண்ணைப் பத்தி நான் சொன்னது... எனக்கு நாக்கு அழுகியிருக்கணும். என்னை மன்னிச்சிடு நெவே."

சொல்லிவிட்டு, பெரியவள் சின்னவளின் கையை எடுத்து முத்தமிட்டாள். இப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. போகோமில் மீசையில் ஒட்டிய அல்வாவைத் துடைக்க மறந்து நின்றான்.

இப்போது நெவேனா சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"எல்லார் முன்னாடியும் சொன்னே," என்றாள் மெல்ல. "இப்ப எல்லார் முன்னாடியும் கேக்குற. எனக்கு இங்க வெச்சு வரல, வெலி. பொய்யா சொல்ல முடியல."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சிவப்பு நூல் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு அக்கா," என்றான் அசென், அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை வெலிச்காவுக்கு வேலை. ஞாயிறுகளில் அறைக்கு ஒருவர்தான், அழைப்பை எடுப்பதும் ஆளை அனுப்புவதும் அவரேதான். மதியம் மகன் வந்து கையை முத்தமிட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தில் முட்டை அப்பம் வைத்துவிட்டுப் போயிருந்தான். அவள் தொடவில்லை. குளிர் விட்டிருந்தது, ஊர் ஜனம் எல்லாம் பெரியவர்கள் வீட்டுக்குப் போயிருந்தது, தொலைபேசி தூங்கியது. எதிரே காலி நாற்காலியும் பிரிண்டரும். ஆலை அலுவலகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். கைப்பேசியில் நெவேனாவுக்கு நாலு வரி எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. வெலிச்கா கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"நகர வெப்ப நிறுவனம், வெலிச்கா பேசுறேன். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுது. என்ன உதவி வேணும்?"

"ஒரு புகார் குடுக்கணும்."

அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. ஆனால் வாய் பழகியதைத்தான் சொன்னது. "முகவரி சொல்லுங்க."

"முகவரி உனக்குத் தெரியும். மாசா மாசம் வந்து என் தொட்டியெல்லாம் சாயமாக்கிட்டுப் போவியே, அந்த வீடு."

"சூடு இல்லையா நெவே?"

"ரேடியேட்டர் கொதிக்குது. புகார் அதைப் பத்தி இல்ல. பத்தொன்பது வருஷமா கண்டவன்லாம் போன் போட்டு உன்னைத் திட்டறான். நீ சிரிச்சுக்கிட்டு வாங்கிக்கிற. இன்னைக்கு நான் திட்டப் போறேன். வாங்கிக்கோ."

"பதிவாகுது..."

"பதிவாகட்டும்! அந்த அசென் பையன் கேட்டு ஞானம் அடையட்டும்! ஊர்ல இருக்கிற பரதேசிக்கெல்லாம் தேன் ஒழுகுற குரலு. எனக்கு மட்டும் அரிவாளா? அவன் உங்கம்மாவைத் திட்டினான்னா அவன்கிட்ட கோவப்படு. போனைத் தூக்கி எறி. கண்ணாடியை உடை. பாத்ரூம்ல போய்க் கத்து. என்கிட்ட சொல்லு, ரெண்டு பேரும் சேர்ந்து அவன் வம்சத்தையே திட்டியிருக்கலாம். அதை விட்டுட்டு அவன் போட்ட குப்பையைக் கொண்டுவந்து என் தலையில கொட்டுவியா? அதுவும் என் பொண்ணு பேரைச் சொல்லி?"

"உங்க சிரமம் எனக்குப் புரி—"

"அந்த வசனத்தை மட்டும் என்கிட்ட எடுத்தே, போனை வெச்சிடுவேன்!"

வெலிச்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியில் ஒரு பெண் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள், அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தாள். முகத்தை முகத்தின் போக்கில் விட்டுவிட்டு, வெறுமனே கேட்டாள். நெவேனா திட்டினாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள், விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டினாள்.

"அன்னைக்கு நான் எதுக்குச் சிரிச்சேன், தெரியுமா உனக்கு?" என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"தெரியாது."

"என் இவெலினா எழுதியிருந்தா. ஈஸ்டருக்கு வர்றாளாம், ரெண்டு வாரம். அப்பத்தான் வந்துச்சு. நீ போன்ல இருந்தே. நீ வைக்கட்டும், முதல்ல உனக்குத்தான் சொல்லணும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அடக்க முடியல, அந்த மீசைக்காரன்கிட்ட காட்டிட்டேன். நீ போனை வெச்சே. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ திறந்துட்டே. அவனையும் மிரட்டி வெச்சேன், சொன்னா பல்லைப் பேத்துடுவேன்னு."

வெலிச்காவுக்கு விம்மல் வந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தொலைபேசியில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சோஃபியாவின் பயிற்சிக்காரி கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

"அழறியா?" என்றாள் நெவேனா.

"ஆமா."

"நல்லா அழு." கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூக்குறிஞ்சும் சத்தம்தான். "காலைல இவெலினா போன் பண்ணா. கிறிஸ்துமஸுக்கு வராததுக்கு மன்னிச்சிடும்மான்னா. அவ சொல்லி முடிக்கறதுக்குள்ள மன்னிச்சாச்சுன்னுட்டேன். அப்பத்தான் யோசிச்சேன், பெத்த பொண்ணுக்கு இவ்வளவு சுலபமா வருது, இந்தக் கிழவிக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குதுன்னு. திட்டித் தீக்காம எப்படி வரும்? அதான் போட்டேன்."

"நான் கிழவி இல்ல."

"ஐம்பத்து நாலு. ஆபீஸே கேட்டுச்சு."

வெலிச்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நெவேனா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அடுத்ததை அவள் நிதானமாக, முறைப்படி சொன்னாள்.

"மன்னிச்சாச்சு, வெலி. ஆண்டவனும் மன்னிக்கட்டும்."

வெளியே தெருவில் யாரோ அல்வாப் பொட்டலமும் ஆரஞ்சுப் பழமுமாகப் பெரியவர்கள் வீட்டுக்கு விரைந்துகொண்டிருந்தார்கள். நன்றி என்றால் வெலிச்காவுக்குக் குறைச்சலாகத் தோன்றியது. ஒவ்வொரு அழைப்பின் கடைசியிலும் சொல்கிற அதே வாக்கியம்தான் வாயில் வந்தது. ஆனால் இம்முறை மனசாரக் கேட்டாள்.

"வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணும். நாளைக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்துடு. அந்தப் பாழாப்போன பிரிண்டரை இழுத்ததுல இடுப்பு பிடிச்சுக்கிட்டது, மூணு வாரமா நிமிர முடியல. யார்கிட்ட சொல்றது? ஒத்தையா என்னால திருப்பித் தள்ள முடியாது."

"புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேங்க," என்றாள் வெலிச்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்குக் காலைல ஆள் வரும். சாயமும் கொண்டு வரும்."

"கத்திரிக்காய் நிறம். போன வருஷம் மாதிரி கேரட் நிறத்துல வாங்கிட்டு வந்தே, நேரா டைரக்டருக்குப் போன் போடுவேன்."